சக்குலண்டும் மெழுகுவர்த்தியும்: மேசை அலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்காத தெருவைப் பார்ப்பது கஷ்டம். குடில் கட்டி முடித்த கையோடு சாப்பாட்டு மேசையின் நடுவிலும் ஏதாவது செய்யலாமே என்று பலருக்குத் தோன்றும். ஓர் அகலமான கிண்ணம், தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சக்குலண்ட் செடிகள் நாலைந்து, இடையில் மெழுகுவர்த்தி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொங்கலுக்குள் செடிகளில் பாதி அழுகிவிடும், மீதி கழுத்தை நீட்டிக்கொண்டு வெளிறிப் போயிருக்கும்.

இதில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். ஒரு ராத்திரி விருந்துக்கான அலங்காரத்தை நிரந்தரத் தோட்டம் மாதிரி ஒரே கிண்ணத்தில் நட்டுவிடுகிறோம். செடிக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும். மெழுகுவர்த்திக்கோ காற்று அடிக்காத, வெயில் படாத இடம் வேண்டும். இரண்டும் சில மணி நேரம் சேர்ந்திருக்கலாம், மாதக்கணக்கில் முடியாது. அதனால் நடாதீர்கள், அடுக்குங்கள். ஒவ்வொரு செடியும் அதனதன் சின்னத் தொட்டியிலேயே இருக்கட்டும். ஒரு தட்டிலோ பழைய உருளியிலோ தொட்டிகளை நெருக்கி வைத்து, இடைவெளியைக் கூழாங்கல்லால் மறைத்துவிட்டால் நட்டது போலவே தெரியும். விருந்து முடிந்ததும் செடிகள் முற்றத்துக்கு, மெழுகுவர்த்தி அலமாரிக்கு.

இல்லை, ஒரே கிண்ணத்தில்தான் வேண்டும் என்றால் அடியில் ஓட்டை உள்ள மண்சட்டியாகப் பாருங்கள். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் சல்லியைப் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். அது நடப்பதில்லை. பொடி மண் தன்னிடம் உள்ள தண்ணீரைக் கீழே இருக்கும் பெரிய கற்களுக்கு லேசில் விடாது. முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் சொட்டும். அதுவரை வேர் ஈரத்திலேயே நிற்கும். சல்லி இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆழம் குறைந்து, ஈரமான பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வரும்.

மண்ணும் அப்படித்தான். வீட்டுச் செம்மண்ணை மட்டும் அள்ளிப் போட்டால் இறுகிவிடும். மண் ஒரு பங்கு என்றால், சொரசொரப்பான மணலும் உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டுகளும் சேர்ந்து இரண்டு பங்கு இருக்கட்டும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) எடுத்தால் சலித்து, பொடியைத் தள்ளிவிட்டு எடுங்கள். தேங்காய்நார்க் கழிவு இங்கே எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக நிறையக் கலக்க வேண்டாம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். கருப்பும் சிவப்புமாக மினுங்குவதைப் பார்த்தால் ஆசை வரும், சரி. ஆனால் அதில் இருக்கும் உப்பு வேரைக் கெடுக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், கார்னெட், ஜிர்கான் ஆகியவற்றோடு மோனசைட் என்ற தாதுவும் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு, அதனால் இயற்கையாகவே கதிர்வீச்சும் உண்டு. அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவர என்ன தேவை? சிப்பி, சங்கு வைக்க விரும்பினால் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, கற்களின் மேல் வையுங்கள், மண்ணில் புதைக்காமல்.

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர், நவம்பரில் முற்றத்தில் நனைந்து தண்ணீர் குடித்து உப்பிய செடியை அப்படியே டிசம்பரில் இருட்டு அறைக்குள் கொண்டுவந்தால் அழுகலுக்கு அழைப்பு வைத்த மாதிரி. மழை தொடங்கும்போதே தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள். வாரம் ஒரு முறை தண்ணீர் என்ற கணக்கும் இங்கே எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆரல்வாய்மொழிக் காற்றில் சீக்கிரம் காயும் தொட்டி, குலசேகரத்தில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அடி வரை காய்ந்து கனம் குறைந்த பிறகு ஊற்றினால் போதும்.

செடி வாங்கும்போது ரோஜாப்பூ வடிவில் இருக்கும் எச்சிவேரியாவைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அறை வெளிச்சத்தில் முதலில் நீண்டு போவதும் அதுதான். ஹவோர்தியா, கேஸ்டீரியா இரண்டும் குறைந்த வெளிச்சத்தை ஓரளவு தாங்கும். பூக்கும் கலாஞ்சோ அழகு, ஆனால் பூனை, நாய், ஆடு தின்றால் விஷம். கள்ளி வகைகளை ஒடித்து வைப்பவர்கள் அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தச் செடியிலிருந்து துண்டு வெட்டினாலும் உடனே நடாமல், வெட்டுவாய் காய்ந்து மூடச் சில நாள் நிழலில் விடுங்கள். கிளிட்டர் ஸ்பிரே, பனி ஸ்பிரே எதுவும் இலையில் வேண்டாம்.

இனி நெருப்பு. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. தும்பு (தேங்காய்நார்), கதம்பை (தேங்காய் மட்டை), வைக்கோல், காய்ந்த பாசி, ஓலைப்பெட்டி என்று நம் ஊரில் அலங்காரத்துக்குக் கைக்கு வருவதெல்லாம் பற்றிக்கொள்ளும் பொருள்தான். சிரட்டைக்குள் மெழுகுவர்த்தி வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. இஸ்திரிப் பெட்டிக்குக் கனலாகிற அதே சிரட்டைதான் அது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். சிரட்டை வேண்டுமானால் அதில் செடியை வையுங்கள். மெழுகுவர்த்தி கனமான கண்ணாடிக் குவளைக்குள்ளோ பித்தளைத் தட்டிலோ நிற்கட்டும், சுற்றிலும் கூழாங்கல் மட்டும்.

சுடருக்கும் இலைக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் நல்லது. சுடருக்கு நேர் மேலே எந்த இலையும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, சூடு மேல்நோக்கித்தான் போகும். சந்தேகமாக இருந்தால், ஏற்றிக் கொஞ்ச நேரம் கழித்து இலை இருக்கும் இடத்தில் புறங்கையைப் பிடித்துப் பாருங்கள். கைக்குச் சுட்டால் இலைக்கும் சுடும். கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கமும் கொதிக்கும், அதில் இலை ஒட்டியிருக்க வேண்டாம்.

திரியை ஏற்றும் முன் சுமார் 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள். நீளத் திரி புகையும், சுடர் உயர்ந்து ஆடும். மேலே மின்விசிறி ஓடினால் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து செடி மேல் விழும். விசிறியை நிறுத்த முடியாத புழுக்கம் என்றால் பேட்டரி மெழுகுவர்த்தியே போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து நாலு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். எல்லாரும் கிறிஸ்துமஸ் பாதிரா (நள்ளிரவு) பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதை மறப்பதுதான் வழக்கம். கடைசியாக வெளியே போகிறவர் அணைக்க வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

வாசனை மெழுகுவர்த்தியைச் சாப்பாட்டு மேசையில் தவிர்க்கலாம். நெய்மீன் குழம்பும் லாவெண்டரும் சேர்ந்து வீசினால் இரண்டும் கெட்டுப் போகும். உயரமும் அதிகம் வேண்டாம், எதிரே இருப்பவர் முகம் தெரிய வேண்டுமே.

இலையில் மெழுகு சொட்டிவிட்டால் சூட்டோடு துடைக்காதீர்கள். எச்சிவேரியா இலையில் உள்ள வெண்பூச்சு அதோடு வந்துவிடும், திரும்ப வராது. இறுகிய பின் விரல்நகத்தால் லேசாக நெம்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கழலாவிட்டால் அந்த ஓர் இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிடலாம். இரண்டு மூன்று நாளுக்கு மேல் செடிகளை மேசையில் வைக்காமல் வெளியே கொண்டுபோங்கள். போனதும் உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். முதலில் தாழ்வாரம், அப்புறம் காலை வெயில், ஒரு வாரம் கழித்துப் பழைய இடம்.