சொதி திரிவதும் பை கிழிவதும்

திருநெல்வேலியில் சொதி வைக்கத் தெரிந்தவர்கள் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிடுவார்கள். கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைத் தனித்தனியே நிறுத்தி வைத்திருப்பது அவற்றின் மேல் படர்ந்த புரதம். சூட்டில் அது உருக்குலைந்ததும் துளிகள் ஒன்றுகூடி எண்ணெய் மிதக்கிறது. மட்கும் பிளாஸ்டிக் கலவை செய்கிறவர்கள் மறப்பதும் இந்தக் கணக்கைத்தான்.

2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபின் மாற்றுப் பொருள் தேடாத வியாபாரி இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சிறு பட்டறையில், அல்வாக் கடைக்கென்று ஊதித் தயாரித்த மட்கும் பையை வாங்கிப் பார்த்தேன். நெடுக்கே இழுத்தால் தாங்கியது. குறுக்கே இழுத்ததும் நார் பிரிவதுபோல் கிழிந்தது. "விகிதத்தை மாற்றிப் பார்க்கிறேன், சார்" என்றார் பட்டறைக்காரர். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

இத்தகைய பையில் கலப்பவை இரண்டு மட்கும் பிளாஸ்டிக்குகள். பி.எல்.ஏ. விறைப்பானது, எளிதில் முறியும். பி.பி.ஏ.டி. நன்றாக நீளும். சேர்த்து உருக்கினாலும் இவை சர்க்கரையும் நீரும்போல் கரைந்து ஒன்றாவதில்லை. ஒன்றுக்குள் மற்றொன்று துளியாகக் கிடக்கும். இரண்டுக்கும் நடுவேயுள்ள இடைப்பரப்பு இழுவிசை துளியை உருண்டையாக வைத்திருக்கப் பார்க்கும். பிளாஸ்டிக்கை உருக்கித் திருகால் தள்ளும் எந்திரமான எக்ஸ்ட்ரூடரின் ஓட்டம் அதை நூலாக இழுக்கப் பார்க்கும். எது வெல்லும் என்பதை 1930களில் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் ஆராய்ந்தார். சுற்றியுள்ள திரவத்தின் பாகுத்தன்மை (ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பு), ஓட்டத்தின் கடுமை, துளியின் ஆரம் மூன்றையும் பெருக்கி இடைப்பரப்பு இழுவிசையால் வகுத்தால் கிடைக்கும் எண் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் துளி உடையும். அந்தப் பட்டறைப் பையில் நெடுக்கே இழுபட்ட பி.எல்.ஏ. நூல்கள் உருண்டையாகத் திரும்புமுன்னே படலம் குளிர்ந்துவிட்டது என்பது என் கணிப்பு. விகிதம் பாவம், அது என்ன செய்யும்?

அடுத்த தவறு, எக்ஸ்ட்ரூடர் திருகின் வேகத்தைக் கூட்டுவது. துளி தன்னைச் சுற்றியிருப்பதைவிட ஏறத்தாழ 4 மடங்கு பாகாக இருந்தால், அடுக்கடுக்காக வழுக்கி ஓடும் ஓட்டத்தில் அது சுழலுமே தவிர உடையாது. இழுத்து நீட்டும் ஓட்டம் வேண்டும். வேகம் கூடினால் சூடும் கூடும். பி.எல்.ஏ.யை உலர்த்தாமல் போட்டிருந்தால் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து இளக்கிவிடும். அப்புறம் நீங்கள் போட்ட பாகுக் கணக்கு எதற்கும் உதவாது.

இடைப்பரப்பு இழுவிசையை அறை வெப்பநிலையில் நீர்த்துளி வைத்துக் கணக்கிடுவதும் வழக்கமாகிவிட்டது. வேலை நடப்பதோ 180 டிகிரியை ஒட்டிய உருகலில். தவிர, பெரிய எண்களைக் கழித்ததில் மிஞ்சும் சிறிய எண் அது. சூத்திரத்தை மாற்றினாலே விடை தடுமாறும். உருகலுக்குள் ஒரு நூலைப் புதைத்து, அது சுருங்கும் வேகத்தைப் பார்ப்பது நம்பகமானது.

இரண்டு பிளாஸ்டிக்கும் இணங்க உதவும் இணக்கி என்ற பொருளைச் சேர்த்ததும் துளி சிறுத்தால், "இழுவிசை குறைந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். தேங்காய்ப்பாலின் புரதம்போல அது துளிகள் கூடாமலும் தடுக்கிறது. சங்கிலியை நீட்டும் வகையாக இருந்தால் பாகுத்தன்மையையும் ஏற்றுகிறது. எதனால் சிறுத்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டாமா?

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது வேறு. எக்ஸ்ட்ரூடரிலிருந்து வந்ததைச் சூடான அழுத்த அச்சில் 10 நிமிடம் வைத்துத் தகடாக்கி, அதை நுண்நோக்கியில் பார்த்து, "கலக்கியில் உருவான அமைப்பு" என்று ஆய்வேட்டில் எழுதுவது. அந்தப் 10 நிமிடத்தில் துளிகள் கூடி வளர்ந்திருக்கும். இப்போதெல்லாம் மாணவர் படம் கொண்டுவந்தால், துளியின் அளவைக் கேட்பதற்கு முன்பு அச்சில் எத்தனை நிமிடம் இருந்தது என்றுதான் கேட்கிறேன்.