மேட் பெயின்ட் கார்: திருகோணமலை வெயிலிலும் உப்புக்காற்றிலும் எப்படித் தெரிவு செய்வது, எப்படிப் பராமரிப்பது?

"மேட் அடித்தால் பளபளப்பு இல்லை, பொலிஷ் செலவும் இல்லை, வேலை லேசு" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மை நேர்மாறு. சாதாரண பெயின்டில் சின்னக் கீறல் விழுந்தால் பொலிஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். மேட் பெயின்டில் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுங்கும். அப்புறம் அந்தக் கதவையோ பொனட்டையோ முழுதாகத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

காரணம் நிறத்துக்கு மேலே கடைசியாகப் பூசும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் இருக்கிறது. அதில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் கலந்திருக்கும். காய்ந்ததும் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் கரடுமுரடாகி, வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். தேய்த்தால் அந்த மேடுகள் மழுங்கும், மெழுகு பூசினால் பள்ளங்கள் நிரம்பும். எப்படிப் பார்த்தாலும் திட்டுத்திட்டாகப் பளபளப்புத்தான் மிஞ்சும்.

படி 1: பெயின்டா, ஸ்டிக்கரா?

பென்ஸின் மக்னோ, பி.எம்.டபிள்யுவின் ஃப்ரோசன் போலக் கம்பனியிலிருந்தே மேட்டாக வரும் கார்கள் உண்டு. நம்மில் பலருக்கு அது எட்டாத விலை. மிச்சம் இருப்பது இரண்டு வழி: கராஜில் மேட் அடிப்பது, அல்லது இருக்கும் பெயின்டுக்கு மேல் மேட் ஸ்டிக்கரோ பாதுகாப்புப் பிலிமோ ஒட்டுவது.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் பிலிமைத்தான் சொல்வேன். பிடிக்காவிட்டால் கழற்றலாம், கீழே இருக்கும் பெயின்டும் தப்பும். தரமான பாதுகாப்புப் பிலிமில் மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறையும். சூட்டுக்கு நம்ம ஊரில் பஞ்சமா? சாதாரண ஸ்டிக்கர் மலிவு. ஆனால் நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காரில் அது வெளிறும், ஓரங்கள் கிளம்பும். முழு மேட் தேவையில்லை என்றால் சாட்டின் பாருங்கள். லேசான மினுக்கம் இருக்கும், கைரேகையும் குறைவாகத் தெரியும். கறுப்பு மேட் அழகுதான், ஆனால் உப்புப் படிவையும் எண்ணெய்க் கையையும் அப்படியே காட்டிக் கொடுக்கும். சாம்பல் நிறம் பொறுமைசாலி.

நிறமே மாறுகிறது என்றால் வாகனப் பதிவிலும் அதை மாற்ற வேண்டும். வேலையைத் தொடங்க முன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள்.

படி 2: கராஜில் அடிப்பதானால்

சாதாரண பெயின்டில் தூசி ஒட்டினால் உரசி, பொலிஷ் போட்டுச் சரிசெய்வார்கள். மேட்டில் அந்த வாய்ப்பே இல்லை. விழுந்த தூசி விழுந்ததுதான். ஆகவே மூடிய பெயின்ட் பூத் இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த கொட்டகையில் மேட் அடிப்பது வீண் செலவு.

கிளியர் கோட் தடிப்பாக விழுந்த இடமும் மெல்லிதாக விழுந்த இடமும் காய்ந்தபின் வேறு வேறு மினுக்கம் காட்டும். முதலில் ஒரு துண்டுத் தகட்டில் அடித்து, வெயிலில் பிடித்துச் சரித்துச் சரித்துப் பாருங்கள்.

படி 3: கழுவுவது

விடிய வெள்ளெனவோ மாலையிலோ நிழலில் கழுவுங்கள். பொனட் சுடும்போது தண்ணீர் பட்டவுடனே காய்ந்து திட்டுப் போடும்.

நிலாவெளிப் பக்கம் போய் வந்த காரில் உப்பும் மணலும் இருக்கும். துணி படமுன் நிறையத் தண்ணீர் அடித்து அதை இறக்கிவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷம்பூ, மற்றதில் துணி அலசச் சுத்தமான தண்ணீர். ஷம்பூ மேட்டுக்கென்றே விற்பதாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மெழுகு கலக்காத, காரமில்லாத கார் ஷம்பூ. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் நேர்கோட்டில் துடையுங்கள்.

கரையோர வீடுகளில் கிணறு சவர்த் தண்ணீராக இருந்தால் கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். சவர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், அதைத் தேய்த்து எடுக்கவும் முடியாது. தண்ணீரைத் தானாகக் காய விடாமல், உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

படி 4: கறைகள்

காகத்தின் எச்சம் வெயிலில் ஓரிரு மணி நேரம் இருந்தாலே அடையாளம் விடலாம். சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து, அப்படியே தூக்கி எடுங்கள். டிக்கி மூடும் இடத்தில் படியும் எண்ணெய்க் கைக்கு, தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் அல்கஹோலைத் துணியில் தெளித்து லேசாகத் துடைக்கலாம்.

அடுத்தது வாகன பூசை. கோணேசர் கோயிலுக்குப் புதுக் காரைக் கொண்டுபோகாமல் விடுவோமா? ஆனால் சந்தனமும் குங்குமமும் மேட் பொனட்டின் நுண்பள்ளங்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். பொட்டைக் கண்ணாடியிலோ இலக்கத் தகட்டிலோ வைக்கும்படி ஐயரிடம் முதலே சொல்லுங்கள். மாலையை ஸ்டெலோடேப்பால் பெயின்டில் ஒட்டாதீர்கள். அங்கே குரங்குகளும் உண்டு, பழத்தைப் பொனட்டில் வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

படி 5: சர்வீஸ் ஸ்டேஷனில்

தூரிகை சுழலும் இயந்திரக் கழுவல் கூடவே கூடாது. கையால் கழுவும் இடத்திலும் பழக்க தோஷத்தில் கடைசியாக மெழுகு போட்டுவிடுவார்கள். சாவியைக் கொடுக்கும்போது வாயால் சொன்னது வேலை செய்யும் பையனுக்குப் போய்ச் சேராது. "மேட் பெயின்ட். பொலிஷ், மெழுகு வேண்டாம்" என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங்கில் மாட்டிவிடுங்கள்.