பிடித்தவரை மனசாரப் பாராட்டுவது எப்படி

ஒருவரைப் பிடித்துப்போனதும் வாயில் முதலில் வருவது "அழகா இருக்கீங்க" என்பதுதான். பொய் இல்லை, ஆனால் பஸ் ஸ்டாண்டில் வழிகிறவனும் அதையேதான் சொல்கிறான், அதனால் நீங்கள் எவ்வளவு மனசாரச் சொன்னாலும் அது அந்தக் கும்பலோடு போய்ச் சேர்ந்துவிடும். நிறம், மூக்கு, உயரம் எல்லாம் பிறவியில் வந்தவை. அவர் தானாகக் கற்றுக்கொண்டது, தேர்ந்தெடுத்தது, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துச் செய்தது, இதில் ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் பென்னாகரம் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்கிறார், எல்லோரும் கையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள், உங்களுக்குப் பிடித்த பெண் மட்டும் அவருடைய பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்து போய் ஏற்றிவிட்டுத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்க ரொம்ப நல்லவங்க" என்றால் அதில் ஒன்றும் இல்லை. "அந்தப் பெரியவரோட பையை வாங்கிட்டு கூடவே போனீங்க பாருங்க, அது எனக்கு மனசுல நின்னுடுச்சுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பார்த்தது ஒன்று, அது உங்களுக்கு என்ன செய்தது என்பது ஒன்று. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டினாலும் ஐஸ் வைப்பது போல ஆகிவிடும்.

வேலையைப் பாராட்டுவது இன்னும் ஆழமாகப் போகும், ஆனால் அந்த வேலை என்ன என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரியில் ஒட்டு கட்டுகிற ஒருவரிடம் "சூப்பரா பண்றீங்க" என்றால் சிரித்துவிட்டு அடுத்த கன்றை எடுப்பார். பக்கத்தில் நின்று பாருங்கள், இரண்டு தண்டையும் சீவி, பட்டையோடு பட்டை சரியாகச் சேரும்படி பொருத்தி, பாலிதீன் நாடாவை இடைவெளி விடாமல் இழுத்துச் சுற்றுவார். "இவ்ளோ வேகமா கட்டியும் ஒரு சுத்துகூட தளரலையே, எப்படிங்க?" என்று கேளுங்கள். கேள்வியாகக் கேட்கிற பாராட்டுக்கு ஒரு வசதி உண்டு, அவர் வெட்கப்பட்டு நெளிய வேண்டியதில்லை, தனக்குத் தெரிந்ததைப் பேசத் தொடங்கிவிடலாம்.

சில பேச்சுகளை அடியோடு விட்டுவிடுங்கள். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கீங்க" என்பது பாராட்டே இல்லை, அந்த 'இருந்தாலும்' ஒன்றே போதும் அவர் வீட்டுக்குப் போய் அழுவதற்கு. "இப்பதான் கொஞ்சம் இளைச்சு அழகா ஆயிட்டீங்க", "மத்த பொண்ணுங்க மாதிரி இல்ல நீங்க" இரண்டும் அதே ரகம், ஒன்றைத் தாழ்த்தித்தான் இன்னொன்றை உயர்த்துகின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய, அவர்களிடம் "உங்க தமிழ் கேக்க க்யூட்டா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள், சின்ன வயதிலிருந்து அதற்காகக் கிண்டல் வாங்கியிருக்கலாம்.

எங்கே சொல்கிறோம் என்பதை நம் ஊர்ப்பக்கம் லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. ஓசூர் கம்பெனி பஸ்ஸில் நாலு பேர் காதில் விழச் சொன்ன ஒரு வார்த்தை, நீங்கள் ஷிஃப்ட் முடித்து இறங்குவதற்குள் ஊருக்குள் வேறு கதையாகப் போய்ச் சேரும், உங்களுக்கு அது ஒரு நாள் கிண்டல், அந்தப் பெண்ணுக்கு மறுநாளிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் சொல்கிற அளவுக்குப் போகலாம். சாதியும் இதில் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதனால் மற்றவர் காதில் விழாத, ஆனால் அவர் நினைத்தால் உடனே நகர்ந்து போகக்கூடிய இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள், வழியை மறித்தோ ஆளில்லாத சந்தில் நிறுத்தியோ சொல்வது மிரட்டல்தான். போனில் என்றால் இராத்திரி பதினொரு மணிக்கு வேண்டாம், டிபி மாற்றும்போதெல்லாம் ஹார்ட் அனுப்பவும் வேண்டாம்.

சொல்லியாயிற்று. பெரும்பாலும் "சும்மா சொல்லாதீங்க" என்றுதான் பதில் வரும். உடனே சத்தியம் பண்ணி நிரூபிக்கப் போகாதீர்கள், "தோணுச்சு, சொன்னேன்" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். முகம் சுருங்கினாலோ, ஒற்றை வார்த்தையில் பதில் வந்தாலோ, நீங்கள் வருவதைப் பார்த்து அவர் வேறு பக்கம் நடந்தாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். பாராட்டியதற்குப் பதிலாக அன்பு கிடைக்க வேண்டும் என்று எந்தக் கணக்கும் இல்லை.

அப்புறம் பெண்களுக்கு ஒன்று. ஆண்களை யாரும் இப்படிக் கவனித்துச் சொல்வது குறைவு, நீங்கள் சொல்கிற ஒன்றை அவர் வருஷக்கணக்கில் வைத்திருப்பார். அம்மாவுக்கு முடியாத நாளில் அவரே ராகிக் களி கிண்டினார் என்று தெரிந்தால், "கட்டி தட்டாம கிண்டுறது லேசுப்பட்ட வேலையில்லங்க, கை வலிச்சிருக்குமே" என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் பதிலுக்கு உங்களைப் பற்றி ஒன்று சொன்னால், ஆணோ பெண்ணோ, "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தட்டிவிடாதீர்கள். "நீங்க கவனிச்சது சந்தோஷமா இருக்குங்க" என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.