சுடிதார் டாப்புக்குப் பை வைத்துத் தைக்கச் சொல்வது எப்படி?

கடலூரிலோ புதுச்சேரியிலோ தையற்கடைக்குப் போய்ச் சுடிதார் டாப்புக்குப் பை வைக்கும்படி கேட்டால், "ஷேப் கெட்டுவிடும்" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக வரும். ஆண்களின் பேன்ட்டுக்கு மட்டும் யாரும் கேட்காமலேயே பை வைக்கப்படுகிறது. ஆகவே துணியை வெட்டுவதற்கு முன்பே, அளவு கொடுக்கும்போதே, பை வேண்டும் என்பதை அங்குலக் கணக்கில் சொல்லிவிட வேண்டும்.

பையின் இடத்தைத் தீர்மானிப்பது சைடு ஓப்பன், அதாவது டாப்பின் பக்கவாட்டில் கீழே விடும் திறப்புதான். இடுப்பிலிருந்து 2 அங்குலம் கீழே பையின் வாய் தொடங்கி, கை தாராளமாக நுழைய 6½ அங்குலம் நீளுமானால், ஓப்பன் அதற்கும் ஓர் அங்குலம் கீழே, அதாவது இடுப்பிலிருந்து 9½ அங்குலத்தில்தான் தொடங்க முடியும். வழக்கமாக அதைவிட மேலே ஓப்பன் வைத்துக்கொள்பவர்கள் சற்று இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். உட்காரும்போது கைபேசி நழுவாமல் இருக்க, பையின் அடிப்பகுதி வாய்க்குக் கீழே 4 அங்குலமாவது இறங்க வேண்டும். தையலுக்கு விடுவதையும் சேர்த்து ஒவ்வொரு துண்டும் 11½ அங்குல நீளம், 7½ அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், இருபுறப் பைகளுக்கும் வேண்டிய நான்கு துண்டுகளுக்கு 36 அங்குல அகலத் துணியில் 30 செ.மீ. போதும்.

அந்தத் துணி வழுக்கும் சாட்டினாக இல்லாமல் பாப்ளினாக இருப்பது நல்லது; நிறம் டாப்பின் நிறத்தை ஒத்திருக்க வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடலூர் சில்வர் பீச்சிலோ மாலைக் காற்றுக்கு ஓப்பன் விலகும்போது, உள்ளே தொங்கும் பை வெள்ளையாக இருந்தால் எட்டிப் பார்க்கும். இதைத் தவிர்க்கவே பையை முன்பக்கமாகச் சாய்த்து, ஓப்பன் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலமாவது உள்ளே தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். வாயின் இரு முனைகளிலும் குறுக்காக நாலைந்து முறை தையல் ஓட்டி, ஓரங்களை நூல் பிரியாதபடி ஓவர்லாக் செய்யச் சொல்லுங்கள். பை கிழிவது அந்த முனைகளில்தான்.

ரெடிமேட் டாப்பிலும் பக்கத் தையலைப் பிரித்து இதையே செய்யலாம். ஆனால் ஓப்பன் உயரத்தில் தொடங்கும் டாப்பை விட்டுவிடுவதே மேல்.

புடவைக்கு வழி வேறு. இடுப்பில் செருகும் சுருக்குப்பையின் வேலையை, உள்பாவாடையின் நாடாப் பட்டிக்குச் சற்றுக் கீழே, முந்தானை மறைக்கும் இடப்பக்கத்தில் தைத்த 5 அங்குல அகலப் பை செய்யும். வாய் மேல்நோக்கி இருக்கட்டும், அதற்கு ஜிப்பும் வேண்டும். பேருந்துக் கட்டணமும் சாவியும் அதில் அடங்கும். கைபேசியை வைத்தால் கொசுவம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

தைத்த டாப்பைத் தையற்கடையில் வாங்கும் நாளில் கைபேசியைப் பையில் போட்டு, நடந்தும் உட்கார்ந்தும் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். சுமார் 200 கிராம் எடையில் பக்கத் தையல் கீழே இழுபட்டால், பையின் மேல்முனையிலிருந்து இடுப்புப் பகுதியின் உட்தையல் வரை ஒரு நாடாவை இணைத்துத் தைத்துத் தரும்படி அங்கேயே கேட்கலாம்.