'ணும்' வந்த இடமெல்லாம் 'மஸ்ட்' போடலாமா? ஆங்கிலத்தில் யோசனை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்தில் மேலாளரிடம், "சார், இந்தக் கணக்கை நீங்க ஒரு தடவை பாத்துடணும்" என்கிறோம். அதில் கட்டளை துளியும் இல்லை. 'சார்' இருக்கிறது, 'நீங்க' இருக்கிறது, குரலும் தணிந்திருக்கிறது. அதையே மின்னஞ்சலில் "யூ மஸ்ட் செக் திஸ்" என்று எழுதி அனுப்பினால், படிப்பவருக்கு அது உத்தரவாகத்தான் போய்ச் சேரும். எழுதியவர் மனதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அந்த மனது மின்னஞ்சலில் போகாது, சொல் மட்டும்தான் போகும்.

நம் 'வேண்டும்' நிறையச் சுமக்கிற சொல். பேச்சில் 'ணும்' என்று சுருங்கினாலும் சுமை குறைவதில்லை. "எனக்கு ஊருக்குப் போகணும்" என்றால் ஆசை. "இந்த மாசம் வரி கட்டணும்" என்றால் தேவை. "நீ நல்லா தூங்கணும்" என்றால் யோசனை. "பத்து மணிக்குள்ள வந்துடணும்" என்றால் கட்டாயம். எது எந்த வகை என்பதை நிலைமையும் குரலும் காட்டிவிடும். ஆங்கிலமோ இந்த எடையைத் துணைவினையிலேயே ஏற்றி வைத்திருக்கிறது. 'வான்ட் டு', 'ஹேவ் டு', 'ஷுட்', 'மஸ்ட்' என்று நான்கு இடத்துக்கும் தனித்தனிச் சொல். 'ணும்' வந்த இடமெல்லாம் 'மஸ்ட்' போடுவதுதான் நாம் செய்கிற முதல் தவறு. பெரிய தவறும் அதுதான் என்பேன்.

'மஸ்ட்' வேறு, 'ஷுட்' வேறு என்பது வெறும் இலக்கண நுணுக்கம் இல்லை. பிரிட்டனில் 1931 முதல் வெளிவரும் 'ஹைவே கோட்' என்ற சாலை விதிக் கையேட்டைப் பாருங்கள். அதில் 'மஸ்ட்' என்று போட்டிருந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். 'ஷுட்' என்று இருந்தால் அறிவுரை. அதை மீறியதற்காக மட்டும் வழக்குப் போட மாட்டார்கள், ஆனால் விபத்து நடந்து நீதிமன்றம் போனால் அதையும் சாட்சியமாகக் காட்டலாம். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுகிறவர்களும் 1997-இல் 'ஆர்.எஃப்.சி. 2119' என்ற ஆவணத்தில் இதே கோட்டைக் கிழித்தார்கள். 'மஸ்ட்' என்றால் விலக்கே கிடையாது. 'ஷுட்' என்றால், தகுந்த காரணம் இருந்து, விளைவையும் யோசித்துப் பார்த்தபின் விலகிக்கொள்ளலாம். யோசனை சொல்லும்போது நமக்கு வேண்டியது இந்த 'ஷுட்'தான். முன்னால் 'ஐ திங்க்' சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும்.

ஒரே ஒரு விலக்கு. "யூ மஸ்ட் ட்ரை திஸ் பாயசம்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அது நம் "அவசியம் சாப்பிட்டுப் பாருங்க" மாதிரி. விருந்துக்கும் அன்புக்கும் 'மஸ்ட்' நன்றாகவே பொருந்தும்.

எதிர்மறைக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடும். 'மஸ்ட்', 'ஹேவ் டு' இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பொருள் என்று படித்திருப்போம். 'நாட்' சேர்ந்ததும் அவை எதிரெதிர்த் திசையில் போய்விடுகின்றன. "யூ மஸ்ட் நாட் கம்" என்றால் வரக் கூடாது. "யூ டோன்ட் ஹேவ் டு கம்" என்றால் வர வேண்டிய அவசியமில்லை, வந்தாலும் சரி. நம்முடைய 'வேண்டாம்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. "இந்த மாத்திரையோட பால் குடிக்க வேண்டாம்" என்றால், குடிக்கவே கூடாதா, குடிக்காவிட்டாலும் பரவாயில்லையா? ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன், 'கூடாது', 'தேவையில்லை' இரண்டில் எது நம் மனதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து விஷயத்தில் மாற்றிச் சொன்னால் உடம்புக்கே கேடு.

அடுத்து 'பெட்டர்'. "பெட்டர் யூ டேக் ஆட்டோ" என்பது நம் ஊர் ஆங்கிலத்தில் சாதாரணமாகக் காதில் விழுவது. "ஆட்டோல போறது நல்லது" என்பதன் நேர்ப் பெயர்ப்பு அது. ஆங்கிலத்தில் உள்ள சொல்லாட்சி 'ஹேட் பெட்டர்'. வேகமாகப் பேசும்போது 'ஹேட்' பெரும்பாலும் காதில் விழாது, அதனால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. 'ஹேட்' இருந்தாலும் இது இறந்தகாலம் இல்லை, இனி நடக்க வேண்டியதைத்தான் சொல்கிறது. அதைவிட முக்கியமாக, அதற்குள் ஒரு 'இல்லேன்னா' ஒளிந்திருக்கிறது. "யூ ஹேட் பெட்டர் லீவ் நௌ" என்றால், "இப்பவே கிளம்பு, இல்லேன்னா ரயில் போயிடும்" என்று பொருள். நண்பனிடம் சொல்லலாம். பெரியவர்களிடமோ வாடிக்கையாளரிடமோ சொன்னால் மிரட்டுவது போல இருக்கும். நல்ல ஓட்டலைப் பரிந்துரைக்கவும் இது ஆகாது. மறுப்பதென்றால் 'நாட்' 'பெட்டரு'க்குப் பின்னால் வரும்: "ஹேட் பெட்டர் நாட் கோ".

'டு' பற்றிச் சுருக்கமாக. 'ஷுட்', 'மஸ்ட்', 'ஹேட் பெட்டர்' மூன்றுக்கும் பின்னால் அது வராது. "ஷுட் டு கோ" தவறு, "ஷுட் கோஸ்" என்பதும் தவறு. கிட்டத்தட்ட 'ஷுட்' பொருளே தரும் 'ஆட்' மட்டும் 'ஆட் டு' என்று வரும். அது 'கடன்பட்டிருத்தல்' என்ற பொருளுள்ள 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். தமிழிலும் கடன் என்றால் வாங்கின பணமும் உண்டு, செய்ய வேண்டிய கடமையும் உண்டு. இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருப்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

அப்புறம் 'லாம்'. "நீங்க டாக்டரைப் பாக்கலாமே" என்பதை "யூ கேன் சீ தி டாக்டர்" என்று மாற்றினால், மருத்துவமனை வரவேற்பறையில் "இப்போ உள்ளே போகலாம்" என்று அனுமதி கொடுப்பது போல ஆகிவிடும். அங்கே வேண்டியது "யூ குட் சீ எ டாக்டர்". 'கேன்' என்பதை 'குட்' ஆக்கியதும் அனுமதி போய் யோசனை வந்துவிடுகிறது.

சரி, தமிழில் நாம் மென்மையாக யோசனை சொல்வது எப்படி? "பாருங்களேன்", "கேட்டுப் பாருங்களேன்" என்று கடைசியில் ஓர் 'ஏன்' சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை 'வை டோன்ட் யூ' செய்கிறது. "உங்க இடத்துல நான் இருந்தா" என்பதற்கு "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட்" என்ற சொற்றொடர் அப்படியே பொருந்தும். மேலாளருக்கு எழுதுவதானால் "யூ மைட் வான்ட் டு செக் திஸ்" போதும். இங்கே 'வான்ட்' இருப்பதால் அவருடைய ஆசையைப் பற்றிப் பேசுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஒரு தடவை பாத்துட்டா நல்லது" என்பதைத்தான் அது பணிவாகச் சொல்கிறது.

கடைசியாக 'ஷுட் ஹேவ்'. "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்பதற்கு "யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ". பேச்சில் இந்த 'ஹேவ்' தேய்ந்து 'ஷுடவ்' என்று ஒலிப்பதால், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட 'ஷுட் ஆஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்து நாமும் எழுத வேண்டாம். இன்னொன்று, இது யோசனையே இல்லை, நடந்து முடிந்ததைப் பற்றிய குறை. தேர்வில் தவறிவிட்டு வந்து நிற்கிற பிள்ளையிடம் "யூ ஷுட் ஹேவ் ஸ்டார்டட் எர்லியர்" என்றால் அழுகைதான் வரும். "நெக்ஸ்ட் டைம், யூ குட் ஸ்டார்ட் இன் ஜூன்" என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பாடத்தில் ஆரம்பிக்கலாம் என்று கேட்கும்.