81 மி.மீ. மோர்ட்டார் குண்டில் வண்ணத்தையும் எழுத்தையும் படிப்பது எப்படி

மோர்ட்டார் என்பது நிமிர்ந்த குழாயிலிருந்து குண்டை மேல்நோக்கிச் சுடும் சிறு பீரங்கி. அதில் சுட்ட இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்கக் குண்டுகளைப் பற்றியது இது. மண்ணில் கிடைத்த குண்டு என்றால் படிக்கவே வேண்டாம். தொடாமல் விலகிப் போய் போலீசுக்குச் சொல்லுங்கள். பழைய சேகரிப்பில் இருப்பதையும் புரட்டாமல், தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்த படத்தில் பாருங்கள்.

முதலில் வடிவம், அப்புறம்தான் பெயின்ட். குட்டையாக, நீர்த்துளி போல இருந்தால் எம்43ஏ1 மாடல்: எடை சுமார் 3.1 கிலோ, உள்ளே அரை கிலோவுக்குச் சற்று மேல் டி.என்.டி. வெடிமருந்து. நீண்ட உருளையாக இருந்தால் இரண்டு வாய்ப்பு. எம்56 என்றால் ஏறக்குறைய 2 கிலோ டி.என்.டி.; எம்57 என்றால் புகை கிளப்பும் வெள்ளை பாஸ்பரஸ். இரண்டுக்கும் உடல் கிட்டத்தட்ட ஒன்றே. பெயின்ட் உரிந்து துரு ஏறிவிட்டால் வெளியே பார்த்துப் பிரிக்க முடியாது. நிபுணர்களே, பாஸ்பரஸ் குண்டை உடைத்துச் சிதறடிக்க அதன் உள்ளே இருக்கும் நடுக்குழாயை எக்ஸ்ரேயில் தேடித்தான் முடிவு செய்கிறார்கள்.

பெயின்ட் மிச்சம் இருந்தால்: மஞ்சள் உடலில் கறுப்பு எழுத்து, அல்லது ஆலிவ் பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் டி.என்.டி. போன்ற வெடிமருந்து நிரப்பிய குண்டு. மஞ்சள் உடல்தான் பழைய வழக்கம். சாம்பல் உடலில் ஒரு மஞ்சள் பட்டை என்றால் புகைக்குண்டு. சாம்பலில் பச்சைப் பட்டை என்றால் நச்சு வாயு, 4.2 அங்குல மோர்ட்டாரில்தான் இது வரும், இரட்டைப் பச்சை என்றால் தோலைக் கொப்பளிக்க வைக்கும் மஸ்டர்ட் வகை. 1960களில் இந்த முறையே மாறி, பாஸ்பரஸுக்கு வெளிர் பச்சை வந்தது. ஆகவே காலம் தெரியாமல் வண்ணத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

எழுத்தில் அளவு, உள்ளே நிரப்பிய மருந்தின் பெயர், மாடல், லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) இருக்கும். வால் துடுப்பில் ஆண்டு பொறித்திருந்தால் அது துடுப்பு செய்த ஆண்டுதான், மருந்து நிரப்பிய ஆண்டு அல்ல.

பலர் தவறுவது நீல நிறத்தில். நீல உடல், வெள்ளை எழுத்து என்றால் பயிற்சிக் குண்டு. ஆனால் விழுந்த இடம் தெரிவதற்காக உள்ளே கரிமருந்து வைத்திருப்பார்கள். 'டம்மி' என்று சொல்லி அலமாரியில் வைக்கிற பொருள் இல்லை.

மூக்கிலுள்ள எம்52 ஃபியூஸின் (குண்டை வெடிக்கத் தூண்டும் கருவி) பக்கவாட்டில் ஒரு சிறு பாதுகாப்பு ஊசி இருக்கும். குழாயை விட்டு வெளியேறும்போது அது தெறித்துவிடும். அந்த ஓட்டை காலியாக இருந்தால் குண்டு சுடப்பட்டு, வெடிக்காமல் போனது என்று கொள்ளுங்கள். ஃபியூஸ் தயார் நிலையில் இருக்கலாம்.

ஃபியூஸ் மரையில் பழுப்பு எண்ணெய் கசிந்தால் டி.என்.டி. வியர்க்கிறது, துடைக்காதீர்கள். பூண்டு வாடையோடு வெண்புகை வந்தால் பாஸ்பரஸ். அது 44 டிகிரியிலேயே உருகும், படுக்க வைத்தால் ஒரு பக்கம் ஒதுங்கி உறைந்துவிடும். கிடங்குகளில் எம்57-ஐ நிமிர்த்தியே அடுக்கியதற்குக் காரணம் அதுதான்.