சோளகத்தில் வாருங்கோ, அனுமன் உப்புக்கொத்தி பார்க்கலாம்

மன்னாருக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தையில்தான் வருவார்கள். பூநாரைக்கு அது சரி. அனுமன் உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரைப்பறவைக்கு ஆனி, ஆடிதான் தோது. அச்சு அசலாக அதைப் போலிருக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்தி குளிர்காலத்துக்கு வந்து போகிற பறவை. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும்போது இங்கே நிற்காது. அனுமன் இங்கேயே குஞ்சு பொரிப்பது. 2023இல் இலங்கை ஆய்வாளர்கள் மரபணுவையும் உடலளவுகளையும் ஒப்பிட்டுக் காட்டும்வரை இரண்டையும் ஒரே இனமென்றுதான் வைத்திருந்தார்கள். இராமர் பாலத்துப் பக்கத்துப் பறவை என்பதால் ‘அனுமன்’ என்ற பெயர்.

மன்னார்த் தீவுக்குக் கடல்மேல் போடப்பட்ட தாம்போதியை ஒட்டிய வங்காலைச் சரணாலயப் பக்கம் விடியவே போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும். எவ்வளவு விலையான பைனாகுலரும் உதவாது. தரவைக்குள், அந்த வெட்டை உவர்நிலத்துக்குள், இறங்கித் தேடாதீர்கள். வெயிலை முதுகுக்கு வைத்துக்கொண்டு ஓரிடத்தில் குந்துங்கள். வெறும் மண்ணாகத் தெரிகிற இடத்தில் ஏதோ ஓடும், சட்டென நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். பின்கழுத்தைப் பாருங்கள்: வெள்ளைப் பட்டி முழுதாகச் சுற்றிவரும். நெஞ்சின் கறுப்பு மட்டும் நடுவில் சேராமல் இரு பக்கத்தோடு நின்றுவிடும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி, வேறு ஆள்.

ஒரு சிறகைத் தரையில் இழுத்து நொண்டினால் காயமென்று நினைத்துக் கிட்டப் போகாதீர்கள். உங்கள் காலடியில் கூடு இருக்கிறதென்று அர்த்தம். கூடு என்ன கூடு, உள்ளங்கையளவு பள்ளம், கொஞ்சம் சிப்பித் துண்டு, சேற்று நிறத்தில் கறுப்புக் கிறுக்கலோடு இரண்டு மூன்று முட்டை. அப்படியே நின்று, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். உச்சி வெயிலில் தாய் தகப்பன் முட்டைக்கு நிழல் கொடுக்க நிற்கும். அவற்றை எழுப்பிவிட்டால் முட்டை அவிந்துபோகும். காகமும் நீங்கள் எங்கே குனிகிறீர்களென்று பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

வங்காலை 2008இல் சரணாலயமானது, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைக்கு எல்லைக்கல் தெரியுமா? வெளியே, ‘சும்மா கிடக்கிற தரை’ என்று நாங்கள் சொல்கிற உவர்நிலத்திலும் முட்டையிடும். அங்கேதான் மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே ஓடுகின்றன, தெருநாய்கள் திரிகின்றன. போகத்தான் வேண்டுமென்றால் ஏற்கெனவே உள்ள தடத்திலேயே போங்கள். புதுத் தடம் போடாதீர்கள். நாயைக் கூட்டிவராதீர்கள். பறவைக் கணக்குப் பதிகிற ஈபேர்ட் இணையத்தளத்தில் எண்ணிக்கையைப் பதியுங்கள். கூட்டின் படத்தையும் இடத்தையும் முகநூலில் போடாதீர்கள்.